ஓதக் கேட்டு வாழ்ந்த நூல்கள்

திருமறையின் முதல் வஹீ 'இக்ரஃ' என்னும் சொல்லோடு இறங்கிற்று. அதனை 'ஓதுவீராக' என்று தமிழ்ப்படுத்துவது நம் முன்னோர் வழக்கு. 'படிப்பீராக' என்றாலும் பிழையில்லை. ஆயினும் அரபியில் 'கரஅ' என்னும் வினை, கண்ணால் எழுத்தைக் கண்டு மனத்துள் வாங்கிக்கொள்வதை மட்டும் குறிப்பதன்று. வாயால் ஒலித்தலையும் தன்னுள் அடக்கியது. 'குர்ஆன்' என்னும் திருப்பெயரும் ஓதப்படுவது என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது. ஓதுவார் ஒருவர் உண்டெனின் கேட்பார் ஒருவரும் உண்டன்றோ?

தமிழ் மரபும் இதற்கு அயலானதன்று. தமிழில் 'கேள்வி' என்பது வினாவை மட்டும் குறிக்கும் சொல்லன்று. செவிவழிப் பெறும் கல்விக்கும் அதுவே பெயர். திருவள்ளுவர் தம் நூலில் கல்வி, கல்லாமை, கேள்வி என்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கல்லாமைக்குப் பின்னே கேள்வியை வைத்த முறையிலேயே ஒரு கருத்து உண்டு. எழுத்தறியும் வாய்ப்பில்லாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை. அவனுக்குச் செவி திறந்திருக்கிறது.

இவ்விரு மரபுகளும் தமிழகத்தின் கடற்கரைப் பட்டினங்களில் ஒன்றாகக் கலந்தபோது பிறந்ததே, நூலைச் சுற்றி அமர்ந்து ஒருவர் ஓதப் பலர் கேட்கும் வாசிப்பு மஜ்லிஸ். சீறாப்புராணம் முதலிய நம் இலக்கியங்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்தது இந்த மஜ்லிஸ்களால்தான். இன்று அந்நூல்கள் அச்சில் உள்ளன, ஆய்வேடுகளில் உள்ளன, அலமாரிகளில் உள்ளன. செவிகளில் மட்டும் இல்லை. அவ்விழப்பு எத்தகையது என்பதை உணர வேண்டுமாயின், செவி எவ்வளவு பெரிய பணியைச் செய்து வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

செவி தந்த சான்று

பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன்னிலையிலேயே கவிதை ஓதப்பட்டது. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் நின்று கவி சொல்வதற்கெனப் பள்ளிவாசலில் மிம்பர் அமைத்துத் தரப்பட்ட செய்தியை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) தம் கஸீதாவைப் பாடிப் பெருமானாரின் போர்வையைப் பரிசாகப் பெற்ற வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

பிற்காலத்தில் ஹதீஸ்கலை வளர்ந்தபோது 'ஸமாஉ' என்னும் முறை உறுதிப்பட்டது. ஸமாஉ என்றால் செவியேற்றல். ஒரு நூலை ஒருவன் விலைகொடுத்து வாங்கிவிட்டதனால் மட்டும் அதனை அறிவிக்கும் தகுதி அவனுக்கு வந்துவிடாது. அந்நூலை ஆசிரியர் ஓதக் கேட்டிருக்க வேண்டும். அன்றி, ஆசிரியர் முன்னிலையில் ஓதப்பட்டபோது அவையில் இருந்திருக்க வேண்டும். திமிஷ்க் நகரத்துச் சுவடிகளில் இதற்கு அழகிய சான்றுகள் கிடைக்கின்றன. ஒரு நூலை அவையில் ஓதி முடித்ததும், அச்சுவடியின் ஓரத்திலோ இறுதியிலோ ஒரு பதிவு எழுதுவார்கள். தலைமை தாங்கிய ஆசிரியர் யார், ஓதியவர் யார், எந்த இடத்தில், எந்த நாளில் என்பவற்றோடு, கேட்டவர் அனைவரின் பெயர்களும் அதில் இடம்பெறும். ஒருவர் காலந்தாழ்ந்து வந்தாரெனின் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்பதையும் குறித்தார்கள். சிறுவர்களின் வயதையும் எழுதினார்கள். பெண்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான காலத்தைச் சேர்ந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய பதிவுகளைத் தொகுத்து 1996ஆம் ஆண்டில் திமிஷ்க் நகரிலேயே நூலாக வெளியிட்டுள்ளனர். கடைவீதி வணிகனும், கைத்தொழிலாளியும், தந்தையின் கைபிடித்து வந்த பிள்ளையும் பேரறிஞர்களோடு ஒரே பட்டியலில் இடம்பெற்ற அவை அது.

ஏன் இத்தனை கவனம்? அரபு எழுத்தின் இயல்பு அதற்கு ஒரு காரணம். உயிர்க்குறிகள் இன்றி எழுதப்பட்ட அரபுச் சொல்லைக் கண்ணால் மட்டும் பார்ப்பவன் இருவகையாகவும் மூவகையாகவும் ஓதிவிட முடியும். சரியான ஓசை எது என்பதை எழுத்து சொல்லாது. கேட்ட செவியே சொல்லும்.

தமிழ் ஏட்டுச்சுவடியின் நிலையும் இதுவே. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டால் ஓலை பொத்துவிடும் என்பதனால், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. நெடிலின் காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. அடிகளைப் பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும். இத்தகைய ஏட்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் ஒருவரால் தட்டின்றி ஓதிவிட இயலாது. முன்னரே கேட்டுப் பழகியவரே ஓத வல்லவர். ஆகவே, ஏடு நூலின் ஒரு பாதி. ஓதக் கேட்ட செவி அதன் மறு பாதி. அரபு மதரஸாவும் தமிழ்த் திண்ணையும் வெவ்வேறு வழிகளில் நடந்து இந்த ஒரே உண்மையை வந்தடைந்தன.

அரங்கேற்றம் என்னும் பெருமஜ்லிஸ்

தமிழ்நாட்டில் ஒரு நூல் பிறந்தது என்பதற்கு அடையாளம், புலவர் அதனை எழுதி முடித்தது அன்று; அவையில் ஓதி, அவையோர் எழுப்பிய தடைகளுக்கு விடை கூறி, அவர்தம் ஒப்புதலைப் பெற்றதே ஆகும். இதனையே அரங்கேற்றம் என்றனர். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானதாகப் போற்றப்படும் 'ஆயிர மசலா' 1572இல், அதாவது ஹிஜ்ரி 980இல், மதுரையில் அரங்கேறியது. வண்ணப் பரிமளப் புலவர் என்னும் செய்கு இஸ்ஹாக் அவர்கள் இயற்றிய இந்நூல், அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் பெருமானாரிடம் வினவிய வினாக்களும் பெற்ற விடைகளுமாக அமைந்தது. தமிழ் கூறும் முஸ்லிம்கள் நடுவே தொடக்கக் காலத்தில் எழுந்த நூல் ஒன்று வினாவும் விடையுமாக அமைந்திருப்பது கருதத்தக்கது. பலர் கூடியிருந்து கேட்பதற்கு அதனினும் ஏற்ற வடிவம் யாது? 'நூறு மசலா', 'வெள்ளாட்டி மசலா' என இவ்வகை பின்னரும் பல்கியது.

சீறாப்புராணத்தின் வரலாற்றை அறியாதார் நம்முள் இலர். எட்டயபுரத்தில் கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறுப் புலவர், வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் காப்பியம் பாட முற்பட்டார் என்பதும், பெருமானாரின் வரலாற்று உரைகளைப் பெறுவதற்காகக் கீழக்கரையில் சதக்கத்துல்லாஹ் அப்பா (வலி) அவர்களை அடைந்தார் என்பதும், அப்பா அவர்கள் முதலில் தயங்கிப் பின்னர் இசைந்தார்கள் என்பதும் வழிவழியாக வழங்கும் செய்திகள். வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவளிக்க, நூல் அரங்கேறியது என்பர். கம்பர் சடையப்பரைப் போற்றியதுபோல், உமறுப் புலவரும் அபுல்காசிம் அவர்களின் பெயரைத் தம் காப்பியத்தின் பல இடங்களில் பதித்து நன்றி செலுத்தியுள்ளார்.

இவ்வரலாற்றில் நாம் கவனியாது விடும் ஒன்று உண்டு. உமறுப் புலவர் தமிழ்ப் புலவர். அவருக்குச் சீறத்தின் செய்திகள் அரபு அறிந்த ஆலிம்களின் வாய்மொழியாகவே கிடைத்தன என்பது மேற்கூறிய செய்தியின் உட்பொருள். ஆலிம் ஓதப் புலவர் கேட்டார். புலவர் ஓத அவை கேட்டது. அவை ஓத ஊர் கேட்டது. 3 காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்ட அப்பெருநூல், கேள்வியில் பிறந்து கேள்வியில் வளர்ந்தது. அதுவும் பெருமானாரின் வாழ்க்கை முழுவதையும் பாடி முடிக்காமலே நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்னும் பெயரில் 1732இல் பாடி நிறைவு செய்தார். கேட்டவர்களுக்கு மேலும் கேட்க வேண்டும் என்னும் வேட்கை இருந்திராவிடில் இத்தகைய தொடர்ச்சி தோன்றியிருக்குமா?

ஓதுவாரும் பொருள் சொல்வாரும்

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் சீறா ஓதும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் பல ஊர்களில் இருந்தது. இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் புறத்திண்ணையிலோ, தைக்காவிலோ, செல்வர் ஒருவரின் வீட்டு முற்றத்திலோ பாய் விரித்து அமர்வார்கள். ரஜபு மாதத்தில் ஆலிப் புலவரின் 'மிகுறாசு மாலை'; ரபீஉல் ஆகிரில் முகியித்தீன் ஆண்டகை (ரஹ்) அவர்களைப் பற்றிய நூல்கள்; போர்க்கதை கேட்கும் ஆவல் உடையோர்க்கு 1686இல் எழுந்த 'சக்கூன் படைப்போர்' முதலியவை. இவ்வாறு ஆண்டின் மாதங்களோடு இலக்கியமும் இணைந்து சுழன்றது.

அவையில் இருவர் தலைமை பெறுவர். ஒருவர் பாடலை இசையோடு ஓதுவார். மற்றவர் அதனைப் பதம் பிரித்துப் பொருள் சொல்வார். விருத்தப்பாவில் சொற்கள் புணர்ந்து கிடக்கும். இசைக்காக ஓதியவரே பொருளுக்காகவும் நிறுத்தினால் ஓசை கெடும். ஆகவே முதலில் ஓசை, பின்னர்ப் பொருள். பொருள் சொல்வாருக்குத் தமிழ் இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும், தீனின் செய்திகளும் தெரிந்திருக்க வேண்டும். சீறாவில் தீன், ஈமான், கலிமா போன்ற அரபுச் சொற்கள் செந்தமிழ்ச் சொற்களோடு தோளணைந்து நிற்கும். தமிழ் வல்லார் அரபுச் சொல்லுக்குப் பொருள் கேட்பர். அரபு ஓதியவர் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்பர். ஒரே பாடலில் இருவரும் மாணவர், இருவரும் ஆசிரியர்.

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். 5027 பாடல்களையும் 30 இரவுகளில் ஓதி முடிக்க வேண்டுமாயின், ஓர் இரவுக்கு ஏறத்தாழ 168 பாடல்கள் வரும். பொருளும் சொல்லி இத்தனையையும் முடிப்பது அரிது. எனவே, ஒரு மாதத்து மஜ்லிஸ் எனின் படலங்களைத் தேர்ந்தே ஓதியாக வேண்டும். நபியவதாரப் படலம், உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலம், பாத்திமா திருமணப் படலம் போன்றவை கேட்போர் நெஞ்சை ஈர்ப்பவை. அவற்றுள்ளும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' தனிச்சிறப்புடையது.

வேடன் வலையில் பெண்மான் ஒன்று அகப்படுகிறது. பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர விடைதருமாறு அது பெருமானாரிடம் இரக்கிறது. பெருமானார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். காட்டுக்குப் போன மான் திரும்பி வருமா என்று வேடன் நகைக்கிறான். மான், கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் தீனில் இணைகிறான். இக்கதையின் முடிவு அவையிலுள்ள சிறுவனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், மான் காட்டுக்குள் மறையும் பாடலில் அவை அமைதியுறும்; திரும்பும் பாடலில் ஸலவாத்து எழும். தனியே படிப்பவன் முடிவை அறிந்ததும் ஏட்டை மூடுகிறான். கூடிக் கேட்பவனோ, தெரிந்த கதையையே ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கிறான். சொன்ன சொல் காத்தல் என்னும் அறம் பள்ளிக்கூடம் காணாத தொழிலாளியின் நெஞ்சில் பதிந்தது அவ்வாறுதான்.

பெண்களின் மஜ்லிஸ்

ஆடவரின் மஜ்லிஸைப் பற்றிப் பேசுவோர் பெண்களின் மஜ்லிஸை மறந்துவிடுவர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் எழுந்தன. அங்கே மவ்லிதும் ராத்திபும் ஓதப்பட்டதோடு மாலைகளும் கூட்டமாகப் பாடப்பட்டன.

இதனை இயலச் செய்தது அரபுத்தமிழ். பெண் பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்றனர். தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்பு அவர்களுட் பலருக்குக் கிட்டவில்லை. வாயில் வழங்குவது தமிழ். கண்ணுக்குத் தெரிந்தது அரபு எழுத்து. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளின்மேல் புள்ளியும் குறியும் சேர்த்து, தமிழை அரபு எழுத்தில் எழுதினர் நம் உலமாக்கள். உயிர்க்குறிகளையும் இட்டு எழுதியமையால், எழுத்துக்கூட்டத் தெரிந்த சிறுமியும் அதனைத் தடையின்றி ஓதினாள். சதக்கத்துல்லாஹ் அப்பாவின் சகோதரரான சாம் ஷிஹாபுத்தீன் (வலி) அவர்களின் 'ரசூல் மாலை' முதலிய மாலைகளும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 – 1898) அவர்களின் நூல்களும் இவ்வழியாகவே அடுக்களை வரை சென்றன.

மாலைகளின் யாப்பும் இதற்கு உதவிற்று. விருத்தம் புலவர்க்குரியது, கண்ணி எல்லார்க்கும் உரியது. ஒருத்தி ஒரு கண்ணியைச் சொல்ல, மற்றவர் அனைவரும் திருப்பிச் சொல்வர். இரண்டு மூன்று முறை கேட்டால் மனத்தில் நின்றுவிடும். தொழுகையின் பர்ளுகளையும், நல்லொழுக்கங்களையும், நபிமார் வரலாற்றையும் மாவு இடிக்கும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் முணுமுணுத்த தாய்மார், அவற்றைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். மஜ்லிஸில் கேட்டவர்.

அச்சு செய்த நன்மையும் அமைதியும்

அச்சு இயந்திரம் வந்தது. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள், ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கி, 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றினார்கள். 'குத்பு நாயகம்', 'திருக்காரணப் புராணம்', 'திருமணி மாலை', 'புதூகுஷ்ஷாம்' ஆகிய காப்பியங்களைத் தாமே இயற்றிய அப்பெருந்தகை, பிறர் நூலைக் காப்பதற்கும் இத்துணை உழைத்தது நம் நன்றிக்குரியது. அது நிகழ்ந்திராவிடில் செல்லுக்கும் கறையானுக்கும் இரையான ஏடுகளோடு சீறாவின் பகுதிகளும் போயிருக்கக் கூடும்.

அச்சு முதலில் மஜ்லிஸை வளர்க்கவே செய்தது. ஓர் ஊருக்கு ஓர் ஏடு என்றிருந்த நிலை மாறி, தெருவுக்கு ஒரு பிரதி கிடைத்தது. ஆனால் காலப்போக்கில் அச்சு வேறொரு பழக்கத்தையும் கொணர்ந்தது. 1882இல் கொழும்பில் சித்தி லெப்பை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார்கள்; 1885இல் அவர்களுடைய 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. நாவல் என்பது தனியே அமர்ந்து படிப்பதற்கு ஏற்ற வடிவம். பள்ளிக்கூடக் கல்வியும் பரவிற்று. எழுத்தறிந்தவன் பெருகப் பெருக, ஓதக் கேட்பவன் குறைந்தான். 'எனக்கே படிக்கத் தெரியுமே, பிறர் ஓதக் கேட்பானேன்?' என்று அவன் எண்ணினான். அவன் எண்ணியது பாதிதான் சரி. எழுத்துக்கூட்டத் தெரிந்தது உண்மை; சீறாவின் ஒரு விருத்தத்தைப் பிரித்துப் பொருள்கொள்ளத் தெரியவில்லை என்பதும் உண்மை. ஏட்டுச்சுவடிக்குச் செவியின் துணை தேவை என்று உணர்ந்திருந்தவர்கள், அச்சுநூலுக்கு அத்துணை தேவையில்லை என்று கருதிவிட்டனர்.

20ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சி வளர்ந்தது. உவைஸ் அவர்கள் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை 1953இல் நூலாக்கி உலகறியச் செய்தார். 1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிற்று. பின்னரும் பல மாநாடுகள் கூடின. மறைந்து கிடந்த நூல்கள் பட்டியலுக்கு வந்தன. ஆயினும் ஒரு வியப்பு: நம் நூல்களைப் பற்றி எழுதுவோர் பெருகிய அதே ஆண்டுகளில், அந்நூல்களை ஓதுவோரும் கேட்போரும் அருகினர். நூலின் பெயரை அறிந்த தலைமுறை வந்தது; நூலின் ஓசையை அறிந்த தலைமுறை சென்றது.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அதனை மறைத்துச் செல்வது நேர்மையன்று. 'சீறாவில் ஆதாரம் குன்றிய செய்திகள் உள்ளன. அரபு நாட்டில் ஆறும் வயலும் கரும்பும் இருப்பதாகப் புலவர் வருணிக்கிறார். இவற்றைப் பள்ளிவாசலில் ஓதலாமா?' என்று மார்க்கம் அறிந்தோர் சிலர் வினவினர். மஜ்லிஸ்கள் குன்றியதற்கு இவ்வினாவும் ஒரு காரணம்.

வினா நியாயமானதே. மான் பேசிய செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) அவர்கள், மக்கள் நாவில் வழங்கும் ஹதீஸ்களை ஆராய்ந்த தம் நூலில் இதனைக் குறிப்பிடுகிறார்கள். மக்களிடையேயும் நபிபுகழ்ப் பாடல்களிலும் பரவியுள்ள இச்செய்திக்கு மூலம் இல்லை என்ற இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் கடுமையான தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். அத்தோடு விட்டுவிடாமல், மான் பேசியது பற்றிய அறிவிப்புகள் பல வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்றும் எழுதுகிறார்கள். இரு பேரறிஞர்களின் கருத்துகளும் நம்முன் உள்ளன. இதனை ஓர் ஊரின் எளிய மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஏற்ற இடம் எது? மானுக்குப் பிணை நின்ற படலம் ஓதப்படும் மஜ்லிஸே அன்றோ? பாடலின் நயத்தையும் சொல்லி, செய்தியின் தரத்தையும் சொல்ல வல்ல ஆலிம் அவையில் இருக்கும்போது, அப்படலம் ஹதீஸ்கலையின் முதற்பாடமாகவே ஆகிவிடும்.

நாட்டு வருணனையும் அத்தகையதே. மழையும் ஆறும் நெல்லும் பாடித் தொடங்குவது தமிழ்க் காப்பிய மரபு. தமிழ்க் காப்பியம் பாடப் புகுந்தவர் அம்மரபைக் கைக்கொண்டார். 'இஃது இலக்கிய வழக்கு. மக்காவின் நிலம் உண்மையில் இத்தகையது' என்று பொருள் சொல்வார் ஒரு சொல் கூறினால் கேட்போர் தெளிவர். நூலைத் தனியே படிப்பவனுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல யாரும் இல்லை. ஆதலின், பிழை நேரும் என்னும் அச்சம் மஜ்லிஸை நிறுத்துவதற்குக் காரணமாகாது. அதனை அறிவுடையோர் முன்னின்று நடத்துவதற்கே காரணமாகும். பொருள் உணராது பரக்கத்துக்காக மட்டும் ஓதிய வழக்கம் சில இடங்களில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கு மருந்து பொருள் சொல்லுதலே ஆகும்.

நாம் செய்யத்தக்கது

பிறர் என்ன செய்தனர் என்பதையும் நோக்குவோம். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ஊர்கள் தோறும் அத்தகைய கழகங்கள் எழுந்தன. அதனால் கம்பராமாயணம் புலவர் மாடத்திலிருந்து இறங்கி மக்கள் செவியில் மீண்டும் ஒலித்தது. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் (1921 – 2005) சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக வீற்றிருந்து அந்த அவைகளை நெறிப்படுத்தினார்கள். நம்மவர் ஒருவர் அந்த அவையில் அவ்வளவு செய்தார். நம் அவையில் நாம் அதில் ஒரு பங்கேனும் செய்யலாகாதா?

நம்மிடமே முன்மாதிரி இல்லாமலில்லை. காயல்பட்டினத்தில் ரஜபு மாதம் முழுவதும் புகாரி ஷரீபு ஓதப்பட்டுத் தமிழில் விளக்கமும் கூறப்படும் மஜ்லிஸ் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. ஹதீஸுக்கு இயன்ற ஒன்று இலக்கியத்துக்கு இயலாமற் போகாது.

பெரிய மண்டபம் வேண்டா, அழைப்பிதழ் வேண்டா. வாரத்தில் ஓர் இரவு, ஐந்து குடும்பங்கள், ஒரு சீறாப்புராணப் பிரதி. 30 பாடல்களை ஓதிப் பொருள் கண்டால், 168 வாரங்களில், அதாவது மூன்றேகால் ஆண்டுகளில், முழுக் காப்பியமும் நிறைவுறும். விரைய வேண்டியதில்லை, பத்துப் பாடல்களோடு நிறுத்தினாலும் குற்றமில்லை. ஓதத் தெரிந்த முதியவர் ஊரில் இருப்பின் அவரை முதலில் ஓதச் சொல்லுங்கள். அவர் இசைக்கும் முறையை இளைஞர் ஒருவர் அருகிலிருந்து பழகட்டும். இவ்விருவரும் சந்திக்காமல் ஒரு தலைமுறை கழிந்துவிட்டால், அவ்விசையை எந்த நூலகத்திலும் தேடிப் பெற முடியாது. பள்ளியின் இமாம் அவர்களை அழைத்து வரலாற்றுச் செய்திகளின் தரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழாசிரியர் ஒருவரை அழைத்துப் பதம் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் எச்சமயத்தவராயினும் வரவேற்கப்பட வேண்டியவரே. உமறுப் புலவருக்குத் தமிழ் கற்பித்த கடிகை முத்துப் புலவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம் அன்றோ?

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவையில் இடம் வேண்டும். வீட்டில் பாட்டிமார் எவரேனும் ஒரு மாலையின் கண்ணிகளை இன்னும் நினைவில் வைத்திருப்பின், அன்றைய மஜ்லிஸ் அவரிடமிருந்தே தொடங்கட்டும். பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்க வேண்டும் என்பதில்லை. திமிஷ்க் நகரத்து அவைகளில் ஐந்து வயதுப் பிள்ளையின் பெயரையும் எழுதி வைத்தார்கள் என்றால், அவன் அன்று எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டான் என்பதனால் அன்று. ஒருநாள் அவன் முதியவனாகும்போது 'நான் கேட்டேன்' என்று சொல்ல ஒருவன் வேண்டும் என்பதனால்தான். இன்று நம் வீட்டில் சீறாவைக் கேட்கும் சிறுவன், இன்னும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் அச்சொல்லைச் சொல்லக்கூடியவன். அவன் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: ஓதியவர் இன்னார், பொருள் சொன்னவர் இன்னார், கேட்டவர் இன்னார், நாள் இன்னது என்று.

நம் முன்னோர் விட்டுச் சென்ற நூல்களைச் செவியேற்று, விளங்கி, நம் மக்களுக்குச் செவியேற்பிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக. ஆமீன்.